ரீசெட் செய்யும் முன் கணக்கின் சாவி எம்மிடம் இருக்கட்டும்

கினிகத்தேனை, வட்டவளை, ஹட்டன் என அவிசாவளை வீதியை ஒட்டி வாழும் எமது தோட்டக் குடும்பங்களுக்கு மடிக்கணினி இன்று புதிய பொருளல்ல. கொழும்பில் வேலை செய்யும் அண்ணன் பாவித்துவிட்டுத் தங்கைக்குக் கொடுத்தது, வெளிநாடு சென்ற தாய் வாங்கி அனுப்பியது, கடையில் பாவித்த பொருளாக வாங்கியது எனப் பல வழிகளில் அது லயத்துக்கு வந்து சேர்கின்றது. அது மெதுவாகும்போதும் கைமாறும்போதும் "ரீசெட் செய்துவிடு" என்பதே எல்லோரும் கூறும் ஆலோசனை. ரீசெட் முடிகின்றது. ஆனால் கணினி மின்னஞ்சலையும் கடவுச்சொல்லையும் கேட்டபடி நின்றுவிடுகின்றது.

இது இப்போது கூடுதலாக நடப்பதற்குக் காரணம் உண்டு. விண்டோஸ் 10க்கான வழமையான ஆதரவை மைக்ரோசொப்ட் நிறுவனம் 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியுடன் நிறுத்தியது. அதனால் பலர் 2021இல் வெளிவந்த விண்டோஸ் 11க்கு மாறுகின்றனர். அதன் வீட்டுப் பாவனைப் பதிப்பு, தொடக்கத்திலேயே இணைய இணைப்பையும் மைக்ரோசொப்ட் கணக்கையும் கேட்கின்றது.

ரீசெட் எதை அழிக்கின்றது?

ரீசெட் எமது கையிலுள்ள கணினியை மட்டுமே துடைக்கின்றது. கணக்கு அந்நிறுவனத்தின் கணினிகளில் அப்படியே இருக்கும். இரண்டு வருடமாக நான்கு இலக்கப் பின் ஒன்றை மட்டும் தட்டிக் கணினியைத் திறந்தவர்கள் இங்கேதான் அகப்பட்டுக்கொள்கின்றனர். அந்தப் பின் அந்த ஒரு கணினிக்கு மட்டுமே உரியது. துடைத்தவுடன் அதுவும் போய்விடும். பின்னர் கேட்கப்படுவது, கணக்கைத் திறந்த நாளில் கொடுத்து மறந்துபோன கடவுச்சொல்லாகும்.

முதலில் பார்க்க வேண்டியவை

1. இணைப்பு: புதிதாக்கிய கணினி சில வேளை வைஃபையை அறிந்துகொள்ளாது. அப்போது கைத்தொலைபேசியைக் கேபிளால் இணைத்து, யூஎஸ்பி வழியாக இணையத்தைப் பகிர்ந்து பார்க்கலாம்.

2. திகதியும் நேரமும்: பழைய கணினிக்குள் இருக்கும் சிறிய பற்றரி இறந்திருந்தால், மின்சாரம் போய் வரும்போது கடிகாரம் பல வருடங்கள் பின்னே சென்றுவிடும். திகதி பிழையென்றால் பாதுகாப்பான இணையத் தொடர்புகள் மறுக்கப்படும். கணினி தொடங்கும்போது திறக்கும் பயோஸ் பகுதியில் திகதியைத் திருத்துங்கள். மீண்டும் பிழைத்தால் பற்றரியை மாற்ற வேண்டும்.

3. விசைப்பலகை: பிரித்தானிய, அமெரிக்க அமைப்புகளில் @ குறியும் " குறியும் இடம் மாறியிருக்கும். கடவுச்சொல் பெட்டியின் அருகிலுள்ள கண் அடையாளத்தை அழுத்தி, தட்டியது சரியா எனப் பாருங்கள்.

4. எந்தக் கடவுச்சொல்?: ஜிமெயில் முகவரியைக் கொடுத்தே மைக்ரோசொப்ட் கணக்கைத் திறக்கலாம். முகவரி ஒன்றாயினும் கணக்குகள் இரண்டு, கடவுச்சொற்களும் இரண்டு. ஜிமெயிலின் கடவுச்சொல்லைத் திரும்பத் திரும்பத் தட்டினால் கணக்குத் தற்காலிகமாகப் பூட்டப்படலாம்.

5. வேறொருவரின் கணினியா?: திரையில் ஒரு கம்பனியின் அல்லது பாடசாலையின் பெயர் தோன்றி, அதன் கணக்கைக் கேட்டால், அந்தக் கணினி இன்னும் அந்நிறுவனத்தின் பதிவிலேயே இருக்கின்றது. எத்தனை முறை ரீசெட் செய்தாலும் இது நீங்காது. அந்நிறுவனமே பதிவை நீக்க வேண்டும். பாவித்த கணினி வாங்குவோர், ரீசெட் செய்து தொடக்கத் திரைகளைப் பார்த்த பின்னரே பணம் கொடுப்பது நல்லது.

இரகசிய எண் யாருக்குப் போகின்றது?

மேலே கூறியவை சிறு தடைகள். பெரிய தடை வேறு. கடவுச்சொல்லை மறந்தால், முன்பு பதிந்த தொலைபேசிக்கோ மாற்று மின்னஞ்சலுக்கோ ஓர் இரகசிய எண் அனுப்பப்படும். எமது பிள்ளைகள் பலரின் கணக்குகளைத் திறந்து கொடுத்தவர் கொம்யூனிகேஷன் கடைக்காரர். பதிந்த இலக்கம் அவருடையதாக இருக்கலாம். வெளிநாடு சென்ற தாயின் பழைய சிம்மாக இருக்கலாம். நீண்ட காலம் ரீலோட் செய்யாத இலக்கம் துண்டிக்கப்பட்டு, பின்னர் முன்பின் அறியாத ஒருவருக்கும் போகலாம்.

அந்த இலக்கம் இல்லையென்றால் மாற்று மின்னஞ்சலை முயலலாம். இரண்டும் இல்லையென்றால் மைக்ரோசொப்ட்டின் மீட்புப் படிவத்தை நிரப்பலாம். முன்பு அந்தக் கணக்கைப் பாவித்த தொலைபேசியிலிருந்து, வழமையான இடத்திலிருந்து நிரப்பினால் வாய்ப்பு அதிகம். பாதுகாப்பு விபரங்கள் அனைத்தையும் மாற்றினால் 30 நாட்கள் காத்திருக்க வேண்டும். இருபடிப் பாதுகாப்பை இயக்கியிருந்தால் அந்தப் படிவமும் உதவாது.

உயர்தரப் பெறுபேறு வந்து, பல்கலைக்கழக அனுமதிக்கு இணையத்தில் விண்ணப்பிக்கும் மாணவிக்கு 30 நாட்கள் என்பது சிறிய காலமல்ல. பிறப்புச் சான்றிதழின் பிரதியும் பெறுபேற்றுத் தாளும் அதே கணக்கில் இருந்தால் நட்டம் இரட்டிப்பாகும்.

துடைக்கும் முன் செய்ய வேண்டியவை

- வேறொரு தொலைபேசியில் கணக்கைத் திறந்து, கடவுச்சொல் சரியா எனப் பாருங்கள்.
- பதிந்துள்ள இலக்கம் கையிலுள்ள சிம்தானா எனப் பாருங்கள். வேறானால் இப்போதே மாற்றுங்கள். வீட்டில் நம்பிக்கையான ஒருவரின் மின்னஞ்சலையும் சேருங்கள்.
- பிட்லொக்கர் எனும் பூட்டு இயங்கினால், அதன் 48 இலக்க மீட்புச் சாவியைக் கணக்கிலிருந்து எழுதி எடுங்கள்.
- முக்கிய ஆவணங்களைப் பென்டிரைவில் பிரதி செய்யுங்கள்.
- முகவரி, கடவுச்சொல், பதிந்த இலக்கம் ஆகியவற்றை ஒரு கொப்பியில் எழுதி, பிறப்புச் சான்றிதழ் இருக்கும் பெட்டியிலேயே வையுங்கள்.
- தொலைபேசிக்கு வரும் இரகசிய எண்ணை, யார் அழைத்துக் கேட்டாலும் கூறாதீர்கள்.

பத்திரங்களின் பெறுமதியை மலையக மக்களுக்கு யாரும் கற்பிக்கத் தேவையில்லை. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றவர்களாக்கப்பட்டோரில் எஞ்சியிருந்தவர்களுக்கு 2003ஆம் ஆண்டின் சட்டமே வழி திறந்தது. அதுவரை, தம் பெயரில் ஒரு கடதாசி இல்லாத துன்பத்தை எமது பெற்றோரும் பாட்டன் பாட்டிமாரும் அனுபவித்தனர். இன்று மின்னஞ்சல் கணக்கும் அத்தகைய ஒரு பத்திரமே. அதைத் திறந்து தர இன்னொருவர் உதவலாம். ஆனால் அதன் சாவி, கணக்குக்கு உரியவரின் கையிலேயே இருக்க வேண்டும். கணினி அறிந்த இளைஞர்கள் தமது லயத்திலுள்ள ஒவ்வொரு பிள்ளையின் கணக்கிலும் யாருடைய இலக்கம் பதிந்துள்ளது என்பதை ஒரு ஞாயிறு மாலையில் பார்த்துக் கொடுப்பார்களானால், அதுவே பெரிய உதவியாக அமையும்.