தோப்பில் முஹம்மது மீரானும் உள்ளிருந்து எழும் நகைப்பும்

பாண்டியரின் முத்துத்துறையான கொற்கையை விட்டுக் கடல் விலகியபின் வணிகம் காயலுக்குப் பெயர்ந்தது. அங்கு அரபுநாட்டுக் குதிரைகள் வந்திறங்கியதை மார்க்கோ போலோ எழுதியுள்ளார். தாமிரபரணிக் கரை முஸ்லிம்களின் வேர் அத்துணைப் பழமையானது. அவர்களது தாய்மொழியும் தமிழே. எனினும் தமிழ்த் திரைப்படங்கள் நெடுங்காலம் நம்மவரை எவ்வாறு பேச வைத்தன? 'நம்பள்', 'நிம்பள்' என்று! அரங்கு சிரித்தது. காயல்பட்டினத்திலோ மேலப்பாளையத்திலோ அத்தமிழைப் பேசுவார் எவருமிலர்.

பிறர் வரைந்த பொய்யுருவைச் சுமந்தவர் நாம் மட்டுமல்லர். அமெரிக்கப் பூர்வகுடி எழுத்தாளர் வைன் டெலோரியா, 1969இல் வெளியான தம் நூலில் தம் மக்களின் நகைச்சுவைக்கென ஓர் அத்தியாயமே ஒதுக்கினார். அவர்களைச் சிரிக்கத் தெரியாத கல்முகத்தராகக் காட்டியது பிறர் கற்பனை என்றார். வரம்பு மீறுவோரைக் கேலியால் திருத்துவது வெள்ளையர் வருமுன்பே தம்மவர் வழக்கம் என்றும் விளக்கினார்.

இக்கேலியின் வலிமையை நம்மிடையே முழுமையாகக் கையாண்டவர் தோப்பில் முஹம்மது மீரான். 1944இல் தேங்காய்ப்பட்டினத்தில் பிறந்து, நெல்லையில் குடியிருந்து மிளகாய் வற்றல் வணிகம் செய்து, 2019இல் மறைந்தார். 1988இல் நூலான 'ஒரு கடலோர கிராமத்தின் கதை'யில் வடக்கு வீட்டு அகமதுக்கண்ணு முதலாளி ஊரை ஆட்டிவைக்கிறார். ஆங்கிலப் பள்ளி வருவதை நரகத்தின் மொழியே வருவதாக அஞ்சுகிறது ஊர். சுறாப்பீலி வணிகர் மஹ்மூது மட்டும் முதலாளிக்கு வளைந்து கொடுப்பதில்லை. ஆசிரியரோ எங்கும் சிரிப்பதில்லை; முதலாளியின் பெருமையை மிகுந்த பணிவோடு விவரித்துச் செல்கிறார். அப்பணிவே நகைப்பாகிவிடுகிறது.

1997இல் சாகித்திய அகாதெமி விருது பெற்ற 'சாய்வு நாற்காலி' இன்னும் கடுமையானது. குலப்பெருமை பேசியபடி நாற்காலியில் கிடக்கும் முஸ்தபாக்கண்ணுவின் நாச்சுவைக்காக, சவ்தா மன்ஸிலின் பொருள்கள் ஒவ்வொன்றாக விலைபோகின்றன. அவ்வீட்டில் பெண்களை அடிக்கும் பிரம்பின் பெயர் 'அதபுப் பிரம்பு'. அதபு என்பது நல்லொழுக்கத்தைக் குறிக்கும் சொல். அதுவரை சிரித்துக்கொண்டு வந்த நாம் அவ்விடத்தில் வாயடைத்துப் போகிறோம்.

வீட்டுக் குறையை வீதியில் வைக்கலாமா என்று கேட்போர் உண்டு. அக்கேள்வியை நாம் எளிதாகத் தள்ளிவிட இயலாது. சமுதாயத்தைத் தூற்றக் காத்திருப்போர் கையிலும் இந்நூல்கள் கிடைக்கத்தான் செய்யும். ஆயினும் கேலிக்கு ஆளாவது மார்க்கமன்று. அதன் பெயரால் ஊரை ஆண்ட முதலாளியும், நம்பிக்கையை விலையாக்கிய போலித் தங்ஙளுமே. கடலோர கிராமத்தின் கதையை முதலில் தொடராக வெளியிட்டதும் 'முஸ்லிம் முரசு' என்னும் நம்மவர் இதழே என்பது ஈண்டு நினைக்கத்தக்கது.

இன்னொன்று. மீரான் பள்ளியில் பயின்றது மலையாள வழியில். திரைப்படம் 'நம்பள்' என்று பேச வைத்த மக்களின் மெய்யான கடலோரத் தமிழை அச்சேற்றியவர் மலையாளம் படித்தவர் என்பது, அவரே எழுதியிருக்கத்தக்க வேடிக்கை.