ஒரு வியாபாரி எழுதிய பாதிக்கதை

நான் மாட்டுங்காவில் அரிசிக் கடை வைத்திருப்பவன். வந்தவாசிப் பக்கத்துச் சமணக் குடும்பம். பள்ளிப் படிப்பு பத்தாம் வகுப்போடு சரி. மற்றதெல்லாம் கல்லாவில் உட்கார்ந்தபடி படித்ததுதான். மலருக்குக் கட்டுரை கேட்ட நண்பர்கள், "உங்க குடும்பக் கதையையே எழுதுங்களேன்" என்றார்கள். "வியாபாரி கதையில என்ன இருக்கு?" என்று சொல்லிவிட்டேன். எனக்கு முன்பே ஒரு வியாபாரி எழுதியிருப்பது பிறகுதான் நினைவுக்கு வந்தது.

பனாரசிதாஸ் 1586-இல் ஜவுன்பூரில் பிறந்த சமண வணிகர். 1641-இல், தம் 55-ஆம் வயதில், ஆக்ராவில் இருந்தபோது தம் வாழ்க்கையைச் செய்யுளாக எழுதினார். பெயர் 'அர்த்த கதானக்', அதாவது பாதிக்கதை. மனிதனுக்கு முழு ஆயுள் 110 ஆண்டு, அதில் பாதி கழிந்தது என்பது அவர் போட்ட கணக்கு. இந்திய மொழிகளில் எழுந்த முற்காலத் தன்வரலாறுகளில் முக்கியமானது இது.

அதில் வீரதீரம் ஒன்றும் கிடையாது. ஆக்ராவுக்குச் சரக்கு கொண்டுபோய் நஷ்டப்பட்டதைச் சொல்கிறார். கையில் காசில்லாமல் கச்சோரிக் கடைக்காரரிடம் மாதக்கணக்கில் கடனுக்குச் சாப்பிட்டதைச் சொல்கிறார். தாம் இயற்றிய காதல் பாட்டுச் சுவடியைக் கோமதி ஆற்றில் வீசியதையும், 1605-இல் அக்பர் இறந்த செய்தி கேட்டு மயங்கிப் படியிலிருந்து விழுந்ததையும் மறைக்கவில்லை. பிறந்த ஒன்பது பிள்ளைகளும் இறந்துபோனார்கள். கடைசியில் தம் நல்ல குணங்களையும் கெட்ட குணங்களையும் தனித்தனியே எழுதி வைக்கிறார். நம் பாஷையில் சொன்னால், ஐந்தொகை போடுகிறார்.

தமிழிலும் இதற்கு முன்னோடி உண்டு. புதுச்சேரியில் துபாஷியாகவும் வணிகராகவும் இருந்த ஆனந்தரங்கப் பிள்ளை 1736 முதல் 1761 வரை நாட்குறிப்பு எழுதினார். அரசியலோடு, கப்பல் வந்ததும் வீட்டு விசேஷமும் அதில் இருக்கின்றன.

என் தகப்பனார் இப்படி ஒன்றும் எழுதவில்லை. கணக்கு மட்டும் எழுதினார். அம்மா காலமான பிறகு பரணைச் சுத்தம் செய்தபோது 1958-ஆம் வருஷத்துச் சிட்டை கிடைத்தது. பற்றுப் பக்கத்தில் பதினோரு நாள் தொடர்ந்து 'குழந்தைக்கு மருந்து' என்றிருந்தது. பன்னிரண்டாம் நாள், 'வெள்ளைத் துணி 2 கஜம்'. அதற்கடுத்த வரி அரிசி மூட்டைக் கூலி.

நான் பிறந்தது 1960-இல். "உனக்கு மூத்தவ ஒருத்தி இருந்தாடா" என்று அம்மா ஒருமுறை சொன்னதுண்டு. கடையில் கூட்டம், பேர் என்னன்னுகூட நான் கேட்கவில்லை. இப்போது கேட்க ஆளில்லை. துணிக்கு ஆன காசு கணக்கில் இருக்கிறது, பெயர் இல்லை.

அதனால்தான் சொல்கிறேன். குடும்பக் கதை எழுதப் புலமை வேண்டாம். எந்த ஊரிலிருந்து, எந்த வருஷம், யாரை நம்பி ரயில் ஏறினோம், முதல் மாதம் யார் கடன் கொடுத்தார்கள், எதில் நஷ்டம், யார் பிறந்தார்கள், யார் போனார்கள். இவ்வளவு போதும். நஷ்டத்தை மறைத்தால் கணக்கு நேராகாது என்பது வியாபாரிக்குத் தெரியும். பேரப்பிள்ளைக்குத் தமிழ் வாசிக்க வராதென்றால் அவனுக்குத் தெரிந்த மொழியிலும் ஒரு பிரதி எழுதி வையுங்கள்.

நானும் ஒரு நோட்டு வாங்கிவிட்டேன். முதல் வரி, 'எனக்கு ஓர் அக்கா இருந்தாள்' என்பது. உங்கள் வீட்டில் கேட்பதற்குப் பெரியவர்கள் இருந்தால், இன்றைக்கே கேளுங்கள்.