கம்பனி எழுத்தும் நம் மாணாக்கரும்

எழுத்தைத் தொழிலாகக் கொண்டோர் எனின் கவிஞரையும் கதாசிரியரையும் பத்திரிகையாளரையும் எண்ணுவதே நம்மவர் வழக்கம். வங்கியின் கடன் பத்திரத்தையும், காப்புறுதிக் கம்பனியின் ஒப்பந்தத்தையும், பங்குதாரர்க்குச் செல்லும் ஆண்டறிக்கையையும் எழுதுவோரை எழுத்தாளர் என எவரும் அழைப்பதில்லை. ஆயினும், கவிதை விளங்காவிடின் ஏட்டை மூடிவைக்கலாம். கடன் பத்திரம் விளங்காமற் கையொப்பமிட்டவனுக்கு அவ்வசதி இல்லை.

எம்மிடம் பயின்றோர் அனைவரும் ஆசிரியராவதில்லை. சிலர் வங்கிகளிலும் கம்பனிகளிலும் உத்தியோகத்துக்கு அமர்கின்றனர். “இலக்கணங் கற்றதனால் அங்கே என்ன பயன், ஐயா?” என அவர்கள் வினவும்போதெல்லாம் யான் அமெரிக்க நாட்டு நிகழ்ச்சியொன்றை விடையாகக் கூறுவதுண்டு.

நியூயோர்க் நகரில் அலன் சீகல் என்பார், கம்பனிகள் மக்களோடு பேசும் முறையைச் செப்பஞ் செய்வதையே தொழிலாக்கிக்கொண்டவர். அந்நகரத்துப் பெருவங்கியொன்று, பின்னர் 1976 இல் சிற்றிபாங்க் எனப் பெயர் பூண்டது, தன் கடன் பத்திரத்தைத் திருத்தும் பணியில் அவரை ஈடுபடுத்திற்று. சட்டத்தரணி கார்ல் பெல்சன்பெல்ட் அவருடன் உழைத்தார். கடன்கொண்டோர் எவ்வெவ்வாறு தவறியவராவர் என்பதைப் பழைய பத்திரம் நெடியதொரு வாக்கியத்திற் பின்னி வைத்திருந்தது. அவர் இறத்தலும் அத்தவறுகளுள் ஒன்று! 1975 இல் வெளிவந்த புதிய பத்திரத்திலோ அவை இரண்டாகச் சுருங்கின: தவணைப் பணத்தை உரிய காலத்திற் செலுத்தாமை ஒன்று, வங்கியிலுள்ள அவர் பணத்தை வேறொரு கடன்காரர் சட்டவழியிற் கைப்பற்ற முயல்வது மற்றொன்று.

இங்கே நம் மாணாக்கர் நோக்கவேண்டியது மூவிட இலக்கணம். “கீழே ஒப்பமிட்டவர்” எனப் படர்க்கையில் நின்றவர், புதிய பத்திரத்தில் “நான்” எனத் தன்மையிற் பேசினார். வங்கி “நீங்கள்” என முன்னிலையாயிற்று. யார் யாருக்கு என்ன கடமைப்பட்டுள்ளார் என்பது அக்கணமே தெளிவாயிற்று. நுகர்வோர் ஒப்பந்தங்கள் தெளிந்த நடையில் அமைதல் வேண்டுமென நியூயோர்க் மாநிலம் 1977 இற் சட்டமியற்றியது. சீகலும் பெல்சன்பெல்டும் தாம் பயின்ற முறையைப் பிறர்க்குக் கற்பிக்குமுகமாக 1981 இல் நூலொன்றையும் வெளியிட்டனர். ஒருவர் கைத்திறன் பலர்க்குரிய கல்வியாவது இவ்வாறே.

கற்பித்தற்கு வேண்டிய கருவிகள் நம்மிடமும் உள. சொல்லவேண்டியது குறைதலையும் மிகுதலையும் குற்றமெனவும், சுருக்கத்தையும் தெளிவையும் அழகெனவும் நன்னூலார் வகுத்துவைத்தார். அவற்றைப் பரீட்சைக்கென மனனஞ் செய்துவிட்டு விடுதல் தகாது.

யான் கொடுக்கும் பயிற்சிகள் இரண்டே. “நடவடிக்கை எடுக்கப்படும்” எனும் அறிவித்தலைக் கொடுத்து, எடுப்பவர் யாரெனக் கேட்பேன். செயப்பாட்டுவினைக்குள் ஒளிந்திருக்கும் எழுவாயை மாணவன் தேடிப்பிடித்தல் வேண்டும். அடுத்து, எழுதியதை வீட்டிலுள்ள ஒருவருக்கு வாசித்துக் காட்டி, அவர் வாயால் அதன் பொருளைத் திரும்பக் கேட்டு வருமாறு பணிப்பேன். அமெரிக்கச் செல்வர் வாரன் பபெற், ஆண்டறிக்கை எழுதுங்கால் தம் சகோதரியரோடு பேசுவதாக எண்ணிக்கொள்வதை 1998 இல் வந்த கைந்நூலொன்றின் முன்னுரையிற் கூறியுள்ளார். அப்பயிற்சியின் நோக்கமும் இதுவே.

“மறைத்தெழுது என மேலதிகாரி பணித்தால்?” என ஒரு மாணவன் கேட்டான். நல்ல வினா. முதலில் தெளிவாக எழுதி அவர் முன் வைக்குமாறு கூறினேன். தெளிந்த சொல்லில் வெளியிடக் கூசும் நிபந்தனையாயின், திருத்தவேண்டியது நடையையன்று, அந்நிபந்தனையையே. இதை மேலதிகாரிக்குப் பணிவோடு உணர்த்தவல்லவனே இத்தொழிலில் நிலைத்த மதிப்புப் பெறுவான். சம்பளம் தருவது கம்பனி. ஆனால், எழுத்தை நம்பிக் கையொப்பமிடுபவர் மற்றொருவர். அவரை மறவாதிருக்கக் கற்பித்தலே ஆசிரியர் கடன்.