குட்டைப்பிடி மண்வெட்டியும் இளம் சட்டத்தரணிகளும்

மண்வெட்டியின் பிடி எவ்வளவு நீளம் என்பது ஒரு சட்டப் பிரச்சினையாகுமா? கமக்காரரான எமது வாசகர்களுக்கு இக்கேள்வி வேடிக்கையாகத் தோன்றலாம். ஆனால் அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் இதே கேள்வி உச்ச நீதிமன்றம் வரை சென்றது.

அங்கே சலினாஸ் பள்ளத்தாக்கின் சலாதுக்கீரைத் தோட்டங்களில் களை கொத்தியவர்கள் பெரும்பாலும் மெக்சிக்கோவிலிருந்து வந்த கூலித் தொழிலாளர்கள். அவர்களுக்குக் கொடுக்கப்பட்ட மண்வெட்டியின் பிடி ஏறக்குறைய ஒரு முழந்தான். நாள் முழுவதும் இடுப்பை ஒடித்துக் குனிந்தே வேலை செய்யவேண்டும். யாரேனும் சற்று நிமிர்ந்தால் கங்காணிக்குத் தூரத்திலிருந்தே தெரிந்துவிடும். நீண்ட பிடி பயிரைக் கெடுக்கும் என்பது முதலாளிமாரின் வாதம். பலருடைய முதுகெலும்பு இளவயதிலேயே பழுதடைந்தது.

1966ம் ஆண்டில் கலிபோர்னியாவின் கிராமப்புற ஏழைகளுக்காக ஒரு சட்ட உதவி நிறுவனம் தோன்றியது. அரசாங்கத்தின் வறுமை ஒழிப்பு நிதி அதற்குக் கிடைத்தது. அதில் பணிபுரிந்த மொரிஸ் ஜோர்டேன் என்ற இளம் சட்டத்தரணி தொழிலாளரின் முறைப்பாட்டைக் கையில் எடுத்தார். பாதுகாப்பற்ற கைக்கருவிகளைத் தடை செய்யும் விதி ஏற்கெனவே இருந்தது. உடைந்த, பழுதடைந்த கருவிக்கு மாத்திரமே அது பொருந்தும் என்று அதிகாரிகள் மறுத்துவிட்டனர். தொழிலாளர் தம் நோவைச் சொன்னார்கள். வைத்தியர்கள் அதற்குச் சாட்சி கூறினார்கள். கருவி பழுதின்றி இருந்தாலும், அதைப் பயன்படுத்தும் முறை உடலைக் கெடுக்குமானால் அதுவும் பாதுகாப்பற்றதே என்று 1975ல் நீதிமன்றம் தீர்த்தது. அவ்வாண்டிலேயே குட்டைப்பிடி மண்வெட்டி தடை செய்யப்பட்டது.

சம்பளம் கொடுப்பது யார்?

கூலித் தொழிலாளியால் சட்டத்தரணிக்குப் பணம் கொடுக்க இயலாது. படித்து வெளிவரும் இளைஞருக்கோ படிப்புக் கடன் கழுத்தை நெரிக்கிறது. பெரிய கம்பனிகளின் பக்கம் போகவே அவர் தூண்டப்படுகிறார். இந்த இடைவெளியை நிரப்பவே சேவைப் புலமைப்பரிசில்கள் எழுந்தன. ஏழைகளுக்கு நீதி எட்டாதிருப்பதை 1919ல் நூலாக எழுதிய றெஜினல்ட் ஹீபர் ஸ்மித்தின் பெயரால் 1967ல் ஒன்று தொடங்கியது. ஏழைகளின் சட்ட உதவி அலுவலகங்களுக்கு இளம் சட்டத்தரணிகளை அனுப்பிய அத்திட்டம் 1980களில் முடிவுற்றது.

அரசு கைவிட்ட இடத்தில் வேறு கைகள் நீண்டன. 1986ல் சட்ட மாணவர்கள் தாமே தொடங்கிய அமைப்பு இன்று ஈக்குவல் ஜஸ்டிஸ் வேர்க்ஸ் என்ற பெயரில் இயங்குகிறது. 1988ல் ஸ்காடன் என்ற பெரிய சட்ட நிறுவனமும் தன் பெயரில் ஒரு புலமைப்பரிசிலை ஏற்படுத்தியது. முறை எளிது. இளம் சட்டத்தரணி ஒரு சமூகத்தின் பிரச்சினையைத் தெரிந்து, அங்கு வேலை செய்யும் அமைப்பொன்றுடன் சேர்ந்து திட்டம் வரைகிறார். இரண்டு ஆண்டுகளுக்குச் சம்பளம் கிடைக்கும். மக்கள் ஒரு சதமும் கொடுக்கவேண்டியதில்லை.

குறை இல்லாமலில்லை. இரண்டு ஆண்டு விரைவில் ஓடிவிடும், வந்தவர் போய்விடலாம். எனவே அவர் வழக்கை மாத்திரமன்றி, வழக்கின் அறிவையும் மக்களிடம் விட்டுச் செல்லவேண்டும்.

எமது நாட்டிலும் 1978ம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்த சட்ட உதவி ஆணைக்குழு உண்டு. வசதியற்றோர் அதை நாடலாம். ஆனால் வெறுங்கையோடு போகாதீர்கள். காணி உறுதியோ பெர்மிட்டோ இருந்தால் பிரதி எடுத்து வேறிடத்தில் வையுங்கள். தொலைந்திருந்தால், எல்லை தெரிந்த அயலவரின் பெயர்களை எழுதுங்கள். எந்தக் கந்தோருக்கு எந்தத் திகதியில் போனீர்கள், என்ன பதில் கிடைத்தது என்பதையும் ஒரு கொப்பியில் குறியுங்கள்.

சலினாஸ் வழக்கில் சட்டத்தரணி பேசினார். ஆனால் அவர் பேசியது தொழிலாளர் கொண்டுவந்த உண்மையை. அந்த உண்மையைக் காத்து வைப்பது எமது கையிலேயே இருக்கிறது.