எல்லை அறியாத பாறை மடிப்பு

நிலத்தின் கீழ் எண்ணெய் ஏரி போலத் தேங்கி நிற்பதாகவே எம்மில் பலர் நினைக்கிறோம். உண்மையில் அது பஞ்சில் நீர் ஊறியிருப்பது போல மணற்கல், சுண்ணக்கல் பாறைகளின் நுண்துளைகளில் ஊறியிருக்கிறது. நீரை விடப் பாரம் குறைந்ததால் மெல்ல மேலெழும். பாறைப் படைகள் வில்போல மேல்நோக்கி வளைந்த இடமே மேன்மடிப்பு. எண்ணெய் அதன் உச்சியில் சேரும். மேலே களிப்பாறை போன்ற இறுக்கமான படை மூடியிருந்தால் அங்கேயே சிறைப்படும்.

1953இல் தென் ஈராக்கில் கண்டறியப்பட்ட ருமைலா எண்ணெய் வயல் இத்தகையதே. வடக்குத் தெற்காக நீளும் அந்த மடிப்பின் தென்முனை குவைத்துக்குள் செல்கிறது. ஒரு பக்கம் இறைத்தால் மறுபக்க எண்ணெயும் நகரக்கூடும். 1990இல் குவைத் தனது எண்ணெயைத் திருடுவதாக ஈராக் குற்றஞ்சாட்டியது, குவைத் மறுத்தது. கடன், எண்ணெய் விலைப் பிரச்சினைகளும் சேர்ந்துகொள்ள, ஓகஸ்ட் 2இல் படை நுழைந்தது. அங்கு உழைத்த எமது சகோதர சகோதரிகள் பலர் வெறுங்கையுடன் நாடு திரும்பினர்.

பாறை மடிந்தது பல மில்லியன் ஆண்டுகளுக்கு முன்னர். எல்லைக்கோடு நேற்று வரைந்தது. பகிர்வது முடியாத காரியமுமல்ல. நடுநிலை வலய எண்ணெயைச் சமமாகப் பங்கிட சவூதியும் குவைத்தும் உடன்பட்டிருக்கின்றனவே!