வேனுக்குள் வெந்நீர்

"கண்ணாடி துடைப்பதும் ஒரு தொழிலா?" என்று நம் பெரியவர்கள் கேட்பார்கள். ஜொகூர் பாருவுக்கோ சிங்கப்பூருக்கோ ஒருமுறை போய் வந்தவர்கள் அப்படிக் கேட்க மாட்டார்கள். அங்கே கட்டடம் என்றாலே பாதி கண்ணாடிதான். மழைக்கறையும் தூசியும் பறவை எச்சமும் படியப் படிய, துடைக்க ஆள் வேண்டும். லாயாங் லாயாங்கோ ரயில் பாதையோரத்துச் சின்னப் பட்டணம், சுற்றிலும் செம்பனை. பால் மரத்தை நம்பி வாழ்ந்த குடும்பங்களின் பிள்ளைகள் இன்று குலாய்க்கும் ஜொகூர் பாருவுக்கும் வேலைக்குப் போகிறார்கள். பிறரிடம் கூலிக்கு நிற்காமல், பழைய வேன் ஒன்றை வாங்கித் தண்ணீர்த் தொட்டி வைத்துச் சொந்தமாகத் துப்புரவுத் தொழில் செய்ய நினைக்கும் பையன்களைக் கண்டால் எனக்கு உள்ளபடியே மகிழ்ச்சி.

இத்தொழிலில் இப்போது ஏணிக்கு வேலை குறைந்துவிட்டது. வேனுக்குள் இருக்கும் தொட்டியிலிருந்து சிறு பம்பு ஒன்று தண்ணீரைத் தள்ளும். நீளக் கம்பின் நுனியில் உள்ள பிரஷ் வழியாக அது கண்ணாடியில் வழியும். தண்ணீரில் கரைந்திருக்கும் உப்புகளை முன்னதாகவே வடிகட்டி நீக்கிவிடுவதால், துணியால் துடைக்காமலே புள்ளி விழாமல் காய்ந்துவிடும். தரையில் நின்றபடியே மூன்றாம் மாடியைக் கழுவலாம்.

வம்பு வருவது வெந்நீரால். பிரிட்டன் போன்ற குளிர் நாடுகளில் பனிக்காலத்தில் குழாய் விறைத்துப் போகும், அழுக்கும் இளகாது. ஆகவே அங்கே வேனுக்குள்ளேயே தண்ணீரைச் சூடாக்கும் கருவியைப் பொருத்துகிறார்கள். டீசலில் எரிவது உண்டு, மின்சாரத்தில் இயங்குவது உண்டு, கேஸில் எரிவதும் உண்டு. கைத்தொலைபேசியில் அதையெல்லாம் பார்த்துவிட்டு என் பழைய மாணவன் ஒருவன் யோசனை கேட்க வந்தான். குளியலறையில் மாட்டும் கேஸ் ஹீட்டர் மலிவாகக் கிடைக்கிறதாம். வேனின் உட்சுவரில் மாட்டி, பக்கத்தில் 14 கிலோ கேஸ் தோம்பை நிறுத்திவிட்டால் போதுமாம். "நாலு ஸ்குரு, ஒரு ஹோஸ். அவ்வளவுதான் சார்" என்றான்.

நான் அவனைக் கணக்குப் போட வைத்தேன். நிமிடத்துக்கு 6 லிட்டர் தண்ணீரை 28 டிகிரியிலிருந்து 50 டிகிரிக்கு உயர்த்த, மணிக்கு ஏறத்தாழ 850 கிராம் கேஸ் எரிய வேண்டும். ஒரு கிலோ கேஸ் முழுமையாக எரிய சுமார் 13 கன மீட்டர் காற்று வேண்டும். அப்படியானால் ஒரு மணி நேரத்துக்கு 11 கன மீட்டர். நடுத்தர வேனின் பின்கட்டோ 6 கன மீட்டர்; அதிலும் தொட்டி அடைக்கிற இடம் போக மிச்சம்தான். அரை மணிக்குள் அந்த நெருப்பு வேனிலுள்ள காற்று முழுவதையும் கேட்கும். காற்று பற்றாக்குறையானால் நெருப்பு உடனே அணைந்துவிடும் என்று நினைக்க வேண்டாம். அணைவதற்கு முன் அரைகுறையாக எரியும். அப்போது பிறப்பதுதான் கார்பன் மோனாக்சைடு என்னும் நச்சுவாயு.

இதற்கு நிறமில்லை, மணமில்லை. எரியாமல் கசியும் கேஸை மூக்கு கண்டுபிடித்துவிடும்; அதற்காகவே நாற்றம் சேர்த்து அனுப்புகிறார்கள். அது காற்றைவிடக் கனமானதால் வேனின் தரையில் தேங்கி நிற்கும். ஒரு பொறி பட்டால் வெடிக்கும். இந்த நச்சுவாயுவோ காற்றோடு காற்றாய்க் கலந்துவிடும். இரத்தத்தில் பிராணவாயுவைச் சுமக்கும் சிவப்புப் பொருளை, பிராணவாயுவைவிட இருநூறு மடங்குக்கும் அதிகமான பிடிப்போடு பற்றிக்கொள்ளும். முதலில் தலைவலி, பிறகு குமட்டல், மயக்கம். வெயிலில் வேலை செய்கிறவன் 'வெயில்தான் காரணம்' என்று எண்ணி, நிழலுக்காக அதே வேனுக்குள் ஏறி உட்காருவான். எனக்குப் பயம் அந்த இடத்தில்தான்.

நடக்காததைச் சொல்லிப் பயமுறுத்துவதாக யாரும் எண்ண வேண்டாம். 2024 டிசம்பரில் கேரளத்தின் கோழிக்கோடு மாவட்டம் வடகராவில், சாலையோரம் நிறுத்தியிருந்த கேரவன் வண்டியில் இரண்டு ஆடவர்கள் இறந்து கிடந்தார்கள். கோழிக்கோட்டிலுள்ள தேசியத் தொழில்நுட்பக் கழகத்தின் வல்லுநர்கள் ஆராய்ந்ததில், வண்டியின் ஜெனரேட்டர் புகையிலிருந்த கார்பன் மோனாக்சைடு உள்ளே புகுந்தது தெரியவந்தது. நம் நாட்டிலும் 2020 செப்டம்பரில், பட்டர்வொர்த்தில் பெட்ரோல் நிலையத்தில் காரை நிறுத்தி என்ஜினை அணைக்காமல் உறங்கிய இளம்பெண்களில் மூவர் இதே வாயுவால் மாண்டார்கள். குளியலறைக் கேஸ் ஹீட்டரால் இந்தியாவில் மயங்கி விழுந்தவர்களும் இறந்தவர்களும் பலர். அங்குள்ள நரம்பியல் மருத்துவர்கள் 'கேஸ் கீசர் நோய்க்குறி' என்று அதற்கொரு பெயரே வைத்திருக்கிறார்கள்.

"கதவைத் திறந்து வைத்தால் போதாதா சார்?" என்றான் பையன். போதாது. எங்கள் பக்கத்து மத்தியான மழையைப் பற்றி நான் சொல்லவா வேண்டும்! மூன்று மணிக்குச் சாரல் அடித்ததும் கதவைச் சாத்தத்தான் கை போகும்.

கட்டாயம் கேஸ்தான் வேண்டும் என்றால் வழி இருக்கிறது. எரியும் அறை முற்றிலும் மூடப்பட்டு, வெளியிலிருந்தே காற்றை இழுத்து வெளியிலேயே புகையைத் தள்ளும் வகை ஹீட்டரை வாங்க வேண்டும். அது விலை கூடுதல்தான். 'வெளிப்புறத்துக்கு மட்டும்' என்று அச்சிட்ட மலிவான ஹீட்டரானால், வேலை நடக்கும் நேரத்தில் வண்டிக்கு வெளியே இறக்கி வைத்தே எரிக்க வேண்டும். தோம்பு சாயாமல் நிமிர்ந்து நிற்க வேண்டும். அதற்குத் தனி அடைப்பு வேண்டும். கசிவு கீழ்வழியே வெளியேற, அடைப்பின் தரையில் துளை வேண்டும். ஓட்டிப் போகும்போது வால்வை மூடிவிட வேண்டும். இணைப்புகளைச் சவர்க்கார நுரை பூசிச் சோதிக்கலாம்; தீக்குச்சி கிழித்துப் பார்க்கிற பழக்கம் நம்மவர்களிடம் உண்டு, அது கூடவே கூடாது. குழாய் பொருத்துவது தகுதி பெற்ற கேஸ் தொழிலாளியின் வேலை. வண்டியில் மாற்றம் செய்வதற்கு முன் சாலைப் போக்குவரத்து இலாகாவில், அதாவது ஜே.பி.ஜே.யில், கேட்டுக்கொள்வது நல்லது. நச்சுவாயுவைக் கண்டு அலறும் சிறு கருவியும் விற்கிறது. ஹீட்டர் வாங்குவதற்கு முன்பே அதை வாங்கச் சொல்வேன்.

இன்னொரு சிக்கலும் உண்டு. கம்புப் பிரஷுக்கு நிமிடத்துக்கு இரண்டு லிட்டர் தண்ணீரே தாராளம். அவ்வளவு மெல்லிய ஓட்டத்தில் பல கேஸ் ஹீட்டர்கள் பற்றவே பற்றாது. பிறகு மிச்சத் தண்ணீரைத் தொட்டிக்கே திருப்பிவிட வேறு குழாய் போட வேண்டும்.

இத்தனையும் எதற்கு என்பதுதான் என் கேள்வி. வெயிலில் நின்ற வேனின் தொட்டியில் மத்தியானம் கையை விட்டுப் பாருங்கள், தண்ணீர் தானாகவே வெதுவெதுப்பாக இருக்கும். வெறும் தூசிக்கும் மழைக்கறைக்கும் அது போதும். சாப்பாட்டுக் கடைகளின் எண்ணெய்ப் பிசுக்குக்கு மட்டும் வெந்நீர் உண்மையிலேயே உதவும். அதற்கும் இரவில் வீட்டில் முறையான மின்கருவியால் தொட்டியைச் சூடாக்கி, கனத்த உறை போர்த்தி எடுத்துப் போனால் காலை வேலைக்குச் சூடு தாங்கும். சாலையில் நெருப்பு வேண்டியதில்லை. பையன் முழுமனதாக ஒப்புக்கொள்ளவில்லை. மின்சாரக் கட்டணத்தைக் கணக்குப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று போயிருக்கிறான்.

வீட்டிலிருக்கும் தாய்மாருக்கும் ஒன்று சொல்ல வேண்டும். வேனுக்குள் யாராவது மயங்கிக் கிடந்தால், கதவுகளையெல்லாம் திறந்து ஆளை வெளியே இழுத்து, 999-ஐ அழையுங்கள். 'கேஸ் எரிந்த வண்டிக்குள் இருந்தார்' என்பதை மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள். கோவிட் காலத்தில் பல வீடுகளில் வாங்கிய, விரலில் மாட்டும் ஆக்சிஜன் கருவியை இங்கே நம்பக் கூடாது. நச்சுவாயு ஏறிய இரத்தத்தையும் நல்ல இரத்தம் என்றே அது எண்ணி, 98 என்றோ 99 என்றோ காட்டும். உண்மை தெரிய மருத்துவமனையில் இரத்தத்தை எடுத்துத்தான் பார்க்க வேண்டும்.