குறி தவறினால் சிரிப்பு. கவனம் தவறினால் அழுகை!

திருவிழாவிலோ பொருட்காட்சியிலோ பலூன் சுடும் கடை முன்னால் நீங்கள் ஒரு முறையாவது நின்றிருப்பீர்கள். பலகையில் வரிசை வரிசையாக வண்ணப் பலூன்கள். கையில் ஒரு காற்றுத் துப்பாக்கி. ஒரு கண்ணை இடுக்கி, மூச்சைப் பிடித்துக் கொண்டு, குதிரையை இழுக்கிறீர்கள். "டப்!" பலூன் உடைகிறது. பக்கத்தில் நிற்கும் பிள்ளை கைகொட்டிச் சிரிக்கிறது. உங்கள் முகத்திலும் சிரிப்பு. யாரையும் அடிக்கவில்லை, எதையும் சம்பாதிக்கவில்லை. ஆனாலும் மனத்தில் ஒரு திருப்தி!

இந்தத் திருப்தியைத் தேடித்தான் உலகத்தின் பல பாகங்களில் லட்சக்கணக்கான பேர் துப்பாக்கி மைதானங்களுக்குப் போகிறார்கள். முக்கியமாக அமெரிக்காவில் இது ஒரு பெரிய பொழுதுபோக்கு. நாம் குடும்பத்தோடு கடற்கரைக்குப் போவதுபோல, அங்கே தகப்பனும் மகனும் தோளில் துப்பாக்கிப் பையோடு கிளம்பி விடுகிறார்கள். சண்டைக்கும் அல்ல, வேட்டைக்கும் அல்ல. காகிதத்தில் வரைந்த வட்டத்தையும் காலித் தகர டப்பாவையும் சுட்டு மகிழ்வதற்காக!

அவர்களுக்குப் பிடித்த துப்பாக்கி எது? யானையை வீழ்த்தும் பெரிய ரைபிளாக இருக்கும் என்று நினைப்போம். அதுதான் இல்லை. அங்கே பெரும்பாலோர் ஆசையோடு எடுப்பது துப்பாக்கிக் குலத்திலேயே கடைக்குட்டியான "பாயிண்ட் டூ டூ" ரகத்தைத்தான். நம் ஊரில் என்.ஸி.ஸி.யில் சேர்ந்து, தரையில் குப்புறப் படுத்துச் சுட்டுப் பழகியவர்களுக்கு அது பழைய சிநேகிதன்.

கடைக்குட்டியின் கதை

இந்தக் குட்டித் தோட்டாவின் பூர்வீகம் பாரிஸ் நகரம். அங்கே ப்ளோபேர் என்ற துப்பாக்கிக் கம்மியர் 1845-ல் ஒரு யுக்தி செய்தார். வெடி மூட்டுவதற்குப் பயன்பட்ட சின்னச் செப்புத் தொப்பியை எடுத்து, அதன் வாயிலேயே ஒரு சிறு குண்டைப் பொருத்தி விட்டார். தனியாக வெடிமருந்துகூட இல்லை. சீமான்கள் வீட்டுக் கூடத்திலேயே நின்று சுட்டு விளையாடுவதற்காக ஏற்பட்டது அது. ஆகவே, இந்த ரகம் பிறக்கும்போதே விளையாட்டுக்கென்றே பிறந்தது என்று சொல்லலாம்.

1857-ல் அமெரிக்காவின் ஸ்மித் அண்டு வெஸ்ஸன் கம்பெனி இதையே சற்று மாற்றி, மருந்து அடைத்த சிறு தோட்டாவாக்கி, அதற்கென்று ஒரு ரிவால்வரும் செய்தது. இன்று எங்கும் வழங்கும் "லாங் ரைபிள்" தோட்டா 1887-ல் வந்தது. அதன் குண்டின் எடை சுமார் இரண்டரை கிராம். குறுக்களவு ஐந்தரை மில்லிமீட்டருக்குச் சற்று அதிகம். தோட்டாவின் அடிவிளிம்புக்குள் வெடிமூட்டும் ரசாயனத்தைத் தடவி வைத்திருக்கிறார்கள். ஊசி போய் விளிம்பை நசுக்கினால் தோட்டா வெடிக்கும்.

இதற்கு ஏன் இத்தனை மவுசு? முதலாவது, தோட்டா மலிவு. பெரிய ரைபிளில் பத்து முறை சுடும் செலவில் இதில் பல மடங்கு சுடலாம். இரண்டாவது, தோளில் உதைப்பது கிடையாது. மூன்றாவது, சத்தம் குறைவு. கிழவரும் சுடலாம், குமரியும் சுடலாம்.

ஆனால், "குட்டிதானே!" என்று அலட்சியம் செய்தால் போச்சு! இந்தச் சின்னக் குண்டு ஒன்றரைக் கிலோமீட்டருக்கும் அப்பால் போய் விழக்கூடியது. பாம்பு சின்னதானாலும் விஷம் சின்னதல்ல!

வீரர்களின் விநோதம்

சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்கத் திருவிழாக்களில் பொம்மை வாத்துகளைச் சுடும் கடைகள் இருந்தன. அங்கே பெரும்பாலும் கிடந்தது வின்செஸ்டர் கம்பெனியின் 1890-ம் வருஷத்து மாடல். முன்கட்டையை ஒரு தடவை பின்னால் இழுத்து முன்னால் தள்ளினால் அடுத்த தோட்டா தயார். ஜான் பிரௌனிங் என்ற மேதை வகுத்த அந்தத் துப்பாக்கி எட்டு லட்சத்துக்கும் அதிகமாகச் செய்யப்பட்டது.

1907 டிசம்பரில் டெக்ஸாஸ் மாகாணத்தின் ஸான் அன்டோனியோ நகரில் ஆட் டோப்பர்வைன் என்பவர் ஒரு சாகஸம் செய்தார். ஆகாயத்தில் வீசி எறிந்த மரத்துண்டுகளைப் பத்து நாள் விடாமல் சுட்டார். மொத்தம் 72,500 துண்டுகள். தவறவிட்டவை எத்தனை தெரியுமா? ஒன்பதே ஒன்பது! பிறகு 1959-ல் டாம் ஃப்ரை என்பவர் நைலான் கட்டை பொருத்திய ரெமிங்டன் துப்பாக்கியால் 1,00,010 துண்டுகளைச் சுட்டு, ஆறை மட்டுமே தவறவிட்டார். இரண்டும் இதே கடைக்குட்டி ரகம்தான்.

1964-ல் வெளிவந்த ரூகர் "10/22" ரைபிளும் இந்த வம்சமே. குதிரையை இழுக்க இழுக்கத் தானே அடுத்த தோட்டா ஏறிக்கொள்ளும். பத்துத் தோட்டா கொண்ட சுழல்பெட்டி உள்ளே அடக்கம். இதுவரை ஐம்பது லட்சத்துக்கும் மேல் விற்றிருக்கிறது.

"ணங்" என்ற நாதம்

பெரிய துப்பாக்கிகளுக்கும் ரசிகர்கள் உண்டு. அவற்றில் தனிப் பெருமை "எம்-1 காரண்ட்" ரைபிளுக்கு. இதை அமைத்த ஜான் காரண்ட், கனடாவில் பிறந்து அமெரிக்க அரசாங்கத்தின் ஸ்பிரிங்பீல்டு ஆயுதசாலையில் வேலை பார்த்தவர். 1936-ல் அமெரிக்க ராணுவம் இதை ஏற்றது. இரண்டாம் உலகப் போரில் சிப்பாய்களின் கையில் இருந்தது இதுவே. கண்டுபிடித்தவரோ உரிமையைச் சர்க்காருக்கே எழுதிக் கொடுத்து விட்டு, ராயல்டி என்று ஒரு காசும் வாங்காமல் சம்பளத்தோடு நின்றுகொண்டார்.

இதில் எட்டுத் தோட்டாக்களை ஒரு தகடு சேர்த்துப் பிடித்திருக்கும். எட்டாவது தோட்டா தீர்ந்ததும் வெறுந்தகடு "ணங்" என்று வெளியே தெறிக்கும். அந்த நாதத்தைக் கேட்பதற்காகவே பணம் கொடுத்துச் சுடுகிறவர்கள் இருக்கிறார்கள்! ஆனால் தோட்டா ஏற்றும்போது கட்டைவிரலைச் சட்டென்று எடுக்காவிட்டால், பூட்டு வந்து நசுக்கி விடும். அந்தக் காயத்துக்கு "எம்-1 கட்டைவிரல்" என்றே பெயர் வைத்திருக்கிறார்கள்.

நம் நாட்டில் போலீஸாரின் தோளில் பல காலம் தொங்கிய "த்ரீ நாட் த்ரீ" லீ-என்பீல்டு ரைபிளும் மேல்நாட்டு மைதானங்களில் பலருக்குச் செல்லப்பிள்ளை. அதன் பூட்டு வெண்ணெயில் கத்தி ஓடுவதுபோல் ஓடும்.

புறாவுக்கு வந்த விடுதலை

ரைபிள் பிடிக்காதவர்கள் ரவைத் துப்பாக்கியை எடுத்துக்கொண்டு பறக்கும் தட்டுகளைச் சுடுகிறார்கள். ஒரு காலத்தில் இதற்கு உயிருள்ள புறாக்களைக் கூண்டிலிருந்து பறக்க விட்டுச் சுட்டார்கள். 1900-ம் வருஷம் பாரிஸில் நடந்த ஒலிம்பிக்கின்போதுகூட இந்தக் கொடுமை நடந்தது. அமெரிக்காவின் ஸின்ஸினாட்டி நகரத்து லிகோவ்ஸ்கி என்பவர் 1880-ல் சுட்ட களிமண்ணால் தட்டு செய்து, யந்திரத்தால் வீசி எறியும் வழியைக் கொண்டு வந்தார். இப்போது தட்டுகளைச் சுண்ணாம்புக்கல் பொடியும் கீலும் கலந்து வார்க்கிறார்கள். பெயர் மட்டும் "களிமண் புறா" என்றே நிலைத்து விட்டது. தட்டு உடைந்து கறுப்புப் புகைபோல் சிதறுவதைப் பார்ப்பதில் ஓர் ஆனந்தம். எந்த உயிருக்கும் சேதமில்லை என்பது அதைவிடப் பெரிய ஆனந்தம்.

எதிரி எங்கே இருக்கிறான்?

துப்பாக்கி சுடுவதில் மிகவும் கடினமான விஷயம் எது? கண் பார்வையா, கை வலிமையா? இரண்டும் இல்லை. பயம்!

வெடிச் சத்தமும் உதைப்பும் வரப்போகிறது என்று மனத்துக்குத் தெரியும். அதனால் குதிரையை இழுக்கும் அந்தக் கணத்தில் உடம்பு தன்னை அறியாமலே துள்ளும். குண்டு குறிக்குக் கீழே போய்விடும். சுட்டவரோ துப்பாக்கிமேல் பழி போடுவார். இதைத் தீர்க்கப் பயிற்சியாளர்கள் ஒரு தந்திரம் செய்கிறார்கள். நிஜத் தோட்டாக்களுக்கு இடையே, சுடுகிறவருக்குத் தெரியாமல், வெடிக்காத போலித் தோட்டா ஒன்றைச் சேர்த்து விடுவார்கள். அது வரும்போது வெடி இல்லை, உதைப்பு இல்லை. ஆனால் துப்பாக்கி நுனி மட்டும் தலை குனியும். அப்போதுதான் ஆசாமிக்கு உண்மை புரியும். எதிரி எதிரே இல்லை, உள்ளேயே இருக்கிறான்!

கடைக்குட்டித் துப்பாக்கியில் முதலில் பழகச் சொல்வதன் ரகசியமும் இதுவே. உதைக்காத துப்பாக்கியில் பழகியவனுக்குப் பயம் பழக்கமாவதில்லை.

இடது கையின் வெற்றி

ஹங்கேரி நாட்டு ராணுவ வீரர் காரோலி டக்காஸ் பிஸ்டல் சுடுவதில் சூரர். 1938-ல் பயிற்சியின்போது ஒரு கையெறி குண்டு வெடித்து, சுடுகிற வலது கை சிதைந்து போயிற்று. வேறொருவராக இருந்தால் விதியை நொந்து மூலையில் உட்கார்ந்திருப்பார். டக்காஸ் யாருக்கும் சொல்லாமல் இடது கையால் பழக ஆரம்பித்தார். மறு வருஷமே தேசப் போட்டியில் வென்றார். உலகப் போரால் இரண்டு ஒலிம்பிக் நின்றுபோயின. ஆனாலும் அவர் காத்திருந்தார். 1948-ல் லண்டனில் தங்கப் பதக்கம், 580 புள்ளிகளோடு உலக சாதனை. 1952-ல் ஹெல்ஸிங்கியில் மறுபடியும் தங்கம்! அந்தத் துரிதப் பிஸ்டல் போட்டியில் இன்று வழங்குவதும் கடைக்குட்டித் தோட்டாதான்.

விளையாட்டு விபரீதமான நாள்

இத்தனை இன்பமும் ஒரு கணத்தில் துன்பமாகலாம். 2014 ஆகஸ்டில் அமெரிக்காவின் அரிஸோனா மாகாணத்தில் நடந்ததைக் கேளுங்கள். உல்லாசப் பயணம் வந்த குடும்பத்தில் ஒன்பது வயதுச் சிறுமி ஒருத்தி. வேடிக்கைக்காக அவள் கையில் "உஸி" என்னும் இயந்திரத் துப்பாக்கியைக் கொடுத்தார்கள். பயிற்சியாளர் பக்கத்தில் நின்று சொல்லிக் கொடுத்தார். முதலில் ஒற்றை வெடி, சரியாகச் சுட்டாள். அடுத்தபடியாகத் தொடர்ந்து சுடும்படி விசையைத் திருப்பினார்கள். சரமாரியாகக் குண்டுகள் புறப்பட்ட வேகத்தில் துப்பாக்கி மேல்நோக்கி எகிறியது. அந்தப் பிஞ்சுக் கைகளால் அடக்க முடியவில்லை. பக்கத்தில் நின்றவர் தலையில் குண்டு பாய்ந்து அவர் இறந்தார்.

அந்தக் குழந்தை செய்த குற்றம் என்ன? ஒன்றுமில்லை. இறந்தவரின் பிள்ளைகளே பிறகு அவளுக்கு ஆறுதல் சொல்லிச் செய்தி அனுப்பினார்கள். தந்தையை இழந்த பிள்ளைகளின் அந்தப் பெருந்தன்மையை நினைத்தால் கண் கலங்குகிறது. ஆனால் பெரியவர்கள் சிந்திக்க வேண்டும். கைக்கு மிஞ்சிய பொருளை வேடிக்கையென்று குழந்தையிடம் கொடுப்பது வேடிக்கையா?

நான்கு விதிகள்

மைதானங்களில் மந்திரம்போல் சொல்லித் தருவது நான்கு விதிகள். எந்தத் துப்பாக்கியையும் தோட்டா நிரம்பியதாகவே எண்ணு. அழிக்க விரும்பாத எதன்மேலும் குழலை நீட்டாதே. குறி பார்த்து முடிவு செய்யும்வரை குதிரையில் விரல் வைக்காதே. இலக்கையும், இலக்குக்குப் பின்னால் இருப்பதையும் அறிந்து சுடு. இந்த நான்கில் ஒன்று தவறினாலும் மற்ற மூன்று காப்பாற்றக்கூடும். நான்கும் தவறினால் காப்பாற்ற ஆள் இல்லை.

இவற்றோடு, காதுக்கு அடைப்பும் கண்ணுக்குக் கண்ணாடியும் கட்டாயம். குட்டித் தோட்டாவின் சத்தமேகூட 140 டெசிபலை எட்டக்கூடும். ஒரு முறை கெட்ட செவி திரும்பாது. ஈயத்தைத் தொட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவாமல் சாப்பிடவும் கூடாது.

நம் நாட்டில் நினைத்தவர் நினைத்தபடி துப்பாக்கி வாங்க முடியாது, லைசென்ஸ் வேண்டும். அது நல்லதே. ஆனால் பலூன் கடையில் நாம் பிடிக்கிற காற்றுத் துப்பாக்கியின் வம்சத்தைச் சேர்ந்ததுதான், 2008-ல் பெய்ஜிங்கில் அபினவ் பிந்த்ராவுக்குத் தங்கம் வாங்கித் தந்த ரைபிளும். பத்து மீட்டர் தூரத்தில் அரை மில்லிமீட்டர்ப் புள்ளி. அதுதான் இலக்கின் நடு! கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் 2019-ல் ரியோ டி ஜெனீரோவில் நடந்த உலகக் கோப்பைப் போட்டியில் தங்கம் வென்றதும் அந்தப் புள்ளியைச் சுட்டே.

அடுத்த முறை திருவிழாவில் பலூன் கடையைப் பார்த்தால் உங்கள் பிள்ளையை அழைத்துக்கொண்டு போங்கள். சுடுவதற்கு முன்னால் துப்பாக்கியை எப்படிப் பிடிப்பது, யார்மேல் நீட்டக் கூடாது என்று சொல்லிக் கொடுங்கள். பலூன் உடையாவிட்டாலும் பாதகமில்லை. அந்தப் பாடம் மனத்தில் பதிந்தால் கொடுத்த காசுக்கு மேல் லாபம்!